ஒரு அம்மா, ஒரு கொப்பி, ஓர் அட்டை, மூன்று இலக்கம்: வன்னியில் ஒரு வார்ஃபரின் இரத்தப்போக்கு

வன்னியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அரச வைத்தியசாலையின் மருத்துவ வாட்டில் நான் வேலை செய்த காலத்தில் இது நடந்தது. நோயாளியை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக வயது, நாட்கள் போன்ற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவுக்கு 54 வயது. இரவு ஒன்பது மணி போல மகள் ஆட்டோவில் கொண்டுவந்தார். இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுத்துப் போனது. காலையில் பல் தீட்டும்போது முரசில் தொடங்கிய இரத்தம் நிற்கவில்லை. இடது கையில் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்டல். எங்கேயும் விழவில்லை, இடிபடவில்லை என்றார். நாடி நிமிடத்துக்கு 130, அதுவும் ஒழுங்கில்லாமல். இரத்த அழுத்தம் 90/60. ஆய்வுகூடத்தில் அன்று இரவுக் கடமைக்கு ஆள் இருந்தது எங்கள் நல்ல காலம். ஹீமோகுளோபின் 6.4 என்று மிகக் குறைவாக வந்தது. ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியிருந்தது.

ஐ.என்.ஆர். என்பது இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சாதாரண ஆளோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசை குடிக்காதவருக்கு அது 1 அளவில் இருக்கும். இந்த அம்மாவுக்குச் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு ஒடுங்கி, துடிப்பும் தடுமாறியிருந்தது. அப்படிப்பட்டவரின் இதயத்துக்குள் இரத்தம் கட்டி மூளைக்குப் போய்விடாமல் இருக்க ஐ.என்.ஆரை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்போம். அதற்காகத்தான் வார்ஃபரின். புதிய மருந்துகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் இந்த வகை வால்வு நோய்க்கு வார்ஃபரினே மேல் என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வும் காட்டியது.

வைட்டமின் கே ஊசி, உறையவைத்த பிளாஸ்மா, இரண்டு பைந்து இரத்தம். விடியப்புறம் மூன்று மணிக்கு முரசு இரத்தம் நின்றது. அம்மா தப்பிவிட்டார். அந்தப் பக்கத்தை இனி விட்டுவிடுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது, அவர் எப்படி அந்த நிலைக்கு வந்தார் என்பதைத்தான்.

கொப்பியில் இருந்தது

மகள் ஒரு ஷொப்பிங் பையைக் கொண்டுவந்திருந்தார். வன்னியில் வேலை செய்த எவருக்கும் அந்தப் பை தெரியும். வங்கிப் புத்தகம், சமுர்த்தி அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், நாலாக மடித்த ஈ.சி.ஜி., கிளினிக் கொப்பி, எல்லாம் ஒன்றாக முடிச்சுப் போட்டு இருக்கும். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து, செட்டிகுளம் முகாம்களில் தங்கி, பிறகு ஊருக்குத் திரும்பிய சனம் பேப்பர் இல்லாமல் பட்ட பாட்டை மறக்கவில்லை. பாம்பு கடித்து ஓடிவந்தாலும் பை கையில் இருக்கும்.

கிளினிக் கொப்பி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டிய பெரிய வைத்தியசாலை ஒன்றின் இதயக் கிளினிக்குடையது. கடைசி ஏழெட்டு மாதப் பக்கங்களைப் புரட்டினேன். வார்ஃபரின் 4 மில்லிகிராம், ஐ.என்.ஆர். 2.4. அதற்கு முன் இரண்டு வருடமும் ஏறக்குறைய அதே அளவு, அதே எண். அடுத்த வரவில் திடீரென்று 1.4, மருந்தை 5 ஆக்கியிருந்தார்கள். பிறகு 1.3, மருந்து 7. பிறகு 1.6, மருந்து 9. பிறகு 2.1, மருந்து 10. கடைசி வரவில் 2.3. ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறு கையெழுத்து. நடுவில் ஒருவர் சிவப்புப் பேனையால், மருந்து ஒழுங்காக எடுப்பதில்லையோ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஐ.என்.ஆர். சீராகிவிட்டது, இனி இரண்டு மாதத்துக்குப் பிறகு வரலாம் என்று இருந்தது.

இரண்டு வருடம் அசையாமல் இருந்த ஒருவருக்கு ஏன் இரண்டரை மடங்கு மருந்து தேவைப்பட்டது? விடியக் காலை அதைத்தான் கேட்டேன்.

“அம்மா, வேற ஏதும் குளிசை பாவிச்சனீங்களோ?”

“இல்லைத் தம்பி.”

“நாட்டு மருந்து, கசாயம்?”

“ஒண்டும் இல்லை.”

மகளும் இல்லை என்றார். அவர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடிய முதல் பஸ்ஸுக்குப் போய் இருட்டித்தான் வீட்டுக்கு வருவார்.

விடை கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் வாட்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு தாதி மிஸ்ஸி. மத்தியானம், பார்வையாளர்கள் எல்லாம் போன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே கேட்டார்.

“அம்மா, இடையில மூத்திரம் செம்மஞ்சளாப் போனதோ?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “ஓம் பிள்ளை. ஆறு மாசம் போனது. இப்ப நிண்டுட்டுது. ஆக்களுக்குத் தெரியக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை.”

செம்மஞ்சள் சிறுநீர் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அடையாளம். அம்மாவுக்குக் காசநோய் வந்திருந்தது. மார்பு நோய்க் கிளினிக் ஒன்றில் ஆறு மாதச் சிகிச்சை முழுவதையும் ஒரு நாள் தவறாமல் எடுத்து முடித்திருந்தார். அந்த அட்டை மட்டும் ஷொப்பிங் பைக்குள் இல்லை. வீட்டில் ட்ரங்குப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே இருந்தது. இதயக் கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் ஊர்ச்சனமும் வரும். மடியில் இருக்கும் அந்த அட்டையை யாராவது பார்த்துவிட்டால், கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் மகளின் கதி என்ன என்ற பயம்.

மருந்து செய்த வேலை

ரிஃபாம்பிசின் ஈரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளைக் கூட்டிவிடும். வார்ஃபரினும் அப்படி உடைபடும் மருந்துதான். காசநோய்ச் சிகிச்சை தொடங்கி ஓரிரு கிழமையில் வார்ஃபரின் வேகமாக உடையத் தொடங்கும், ஐ.என்.ஆர். விழும், முன்பிருந்த அளவு போதாமல் போகும். இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் கொடுக்க வேண்டி வரும். இதயக் கிளினிக்கில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே சரியான வேலையைத்தான் செய்தார்கள். எண் விழுந்தது, மருந்தைக் கூட்டினார்கள். எண் நின்றது, வரவைத் தள்ளிப் போட்டார்கள்.

கொப்பியில் சீராகிவிட்டது என்று எழுதிய நாளில் இருந்து பத்தாம் நாள் காசநோய்ச் சிகிச்சை முடிந்தது. மார்பு நோய்க் கிளினிக்கில் அம்மாவை வாழ்த்தி அனுப்பினார்கள், அதுவும் நியாயமானது. ரிஃபாம்பிசின் நின்றால் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்ப இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அந்த நாட்களில் அம்மா தினமும் 10 மில்லிகிராம் வார்ஃபரின் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய உடம்புக்கு உண்மையில் வேண்டியது 4. இரத்தம் பார்க்கும் அடுத்த தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சிகிச்சை முடிந்து 24ஆம் நாள் எங்களிடம் வந்தார்.

ஒழுங்காக எடுப்பதில்லையோ என்ற அந்தச் சிவப்புக் கேள்விக்குறிதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. இரண்டு நோய்க்கும் ஒரு குளிசை தவறாமல் போட்ட மனுசி அவர். அந்தக் கேள்வியை அவரிடம் ஏச்சாகவே கேட்டிருக்கிறார்கள். “ஓம் டொக்டர், இனி ஒழுங்காப் போடுறன்” என்று சொல்லிவிட்டு வந்ததாக மகளிடம் அழுதிருக்கிறார்.

கணினியில் தேடியபோது

அன்று பின்னேரம் நான் எங்கள் வைத்தியசாலையின் கணினியில் அம்மாவைத் தேடினேன். இவ்வளவையும் முதலிலேயே பார்த்திருக்க முடியுமா என்று அறிய வேண்டும் போலிருந்தது.

எங்கள் மென்பொருளில் வெளிநோயாளர் பதிவும், வெளிநோயாளருக்கு எழுதும் மருந்தும் இருந்தன. வாட்டைப் பொறுத்தவரை அனுமதித்த நாளும் விட்ட நாளும் மட்டும். கட்டில் சீட்டு காகிதத்தில். ஆய்வுகூட இயந்திரத்துக்குத் தனிக் கணினி, அதற்கும் எங்கள் மென்பொருளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தாதி ஒருவர் எண்ணைப் பார்த்துக் கையால் எழுதி வாட்டுக்கு அனுப்புவார். இதயக் கிளினிக் இருக்கும் பெரிய வைத்தியசாலையில் வேறு காலத்தில் வேறு நிதியில் வாங்கிய வேறு மென்பொருள். மார்பு நோய்க் கிளினிக்கின் பதிவை அவர்களுடைய கடவுச்சொல் இல்லாமல் பார்க்க முடியாது. இந்த மூன்றுக்கும் இடையில் ஒரு வரி கூடப் போகவில்லை, வரவில்லை.

எங்கள் மென்பொருளுக்குள்ளேயே அம்மா மூன்று ஆளாக இருந்தார். மூன்று தனிநபர் சுகாதார இலக்கங்கள். இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருள்களை இணைப்பது என்ற பெரிய பேச்சுக்கு முன்னால் இடறும் கல் இதுதான்.

முதல் பதிவில் பழைய அடையாள அட்டை எண், ஒன்பது இலக்கமும் வி எழுத்தும். பெயருக்கு முன்னால் தகப்பனின் முதலெழுத்து. இரண்டாவது பதிவில் 12 இலக்கம். பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து. பெயரை ஆங்கிலத்தில் தட்டியவர் நடுவில் இருக்கும் ‘க்க’வுக்கு ஒரு கே போட்டிருந்தார், முதல் பதிவைத் தட்டியவர் இரண்டு கே போட்டிருந்தார். மூன்றாவது பதிவு ஏதோ அவசரத்தில் வந்த நாளில் நடந்தது. அட்டை எண்ணே இல்லை. பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி கேட்டுச் சரியாகத் தெரியாவிட்டால் எங்கள் பதிவு மேசைகளில் எல்லாரும் ஜனவரி 1இல்தான் பிறப்பார்கள்.

2016இல் இருந்து அடையாள அட்டைக்கு 12 இலக்கம் வந்தது. பழைய எண்ணைப் புதியதாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைப் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. பெண்களுக்கு அந்த நாள் எண்ணில் 500 கூடியிருக்கும், ஆகவே பிறந்த நாளையும் பாலையும் கூட அதிலேயே சரிபார்க்கலாம். ஒரு மென்பொருள் கண் இமைக்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலை. இரண்டு எண்ணும் ஒரே ஆள்தான் என்று எங்கள் திரை ஒருபோதும் சொல்லவில்லை.

தமிழ்ப் பெண்களுக்கு இது இரண்டு மடங்கு சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கலியாணத்துக்கு முன் தகப்பனின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. சிலருக்குக் கணவரின் முழுப் பெயரும் பின்னால் வரும். கடைசிப் பெயர் என்று ஒரு பெட்டியைக் கட்டாயமாக நிரப்பச் சொல்லும் மென்பொருள் எங்கள் பெண்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. யுத்தத்தில் கணவரை இழந்து, பிறகு தகப்பனின் எழுத்துக்கே திரும்பியவர்களும் வன்னியில் இருக்கிறார்கள். பதிவு மேசையில் இருக்கும் பிள்ளை காலை ஏழரை மணிக்கு முந்நூறு பேர் வரிசையைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் விசாரிக்க முடியாது. பழைய பதிவைத் தேடுவதை விடப் புதியது போடுவது சுகம், புதியதைப் போடுகிறார். நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

மேலே போகும் தரவு

ஏன் இப்படி? பணம் இல்லாததால் மட்டும் என்று நான் நம்பவில்லை. இலங்கையின் சுகாதாரத் துறையில் கணினி அமைப்புகளுக்குக் குறைவில்லை. வாட்டில் இருந்தவர்களின் நோய் விவரம் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்கு ஒரு வழியில் போகிறது. தாய் சேய் விவரம் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு இன்னொரு வழியில். தொற்றுநோய் அறிவித்தல் தொற்றுநோயியல் பிரிவுக்கு, மருந்துக் கையிருப்பு மருத்துவ வழங்கல் பிரிவுக்கு. ஒவ்வொன்றும் அதனதன் வேலைக்கு நல்லதுதான். டெங்கு எங்கே கூடுகிறது என்று கொழும்பில் இருந்து பார்க்க முடிகிறதென்றால் அது சும்மா வந்ததல்ல.

ஆனால் எல்லாம் மேல் நோக்கிப் போகின்றன. எண்ணிக்கை மேலே போக வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டவை. பக்கத்து ஊர் வைத்தியசாலைக்கு ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியல் போக வேண்டும் என்று யாரும் முதலில் நினைத்துக் கட்டவில்லை. பக்கவாட்டில் போவதற்கு இருக்கும் ஒரே வழி நோயாளியின் கையும் வாயும்தான். அம்மா வாய் திறக்காத இடத்தில் அந்த வழியும் அடைபட்டது.

1987இல் வந்த, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிகள் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழ், சிறிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ். கணினி வாங்கும் பணமும் வேறு, முடிவெடுக்கும் ஆட்களும் வேறு. நோயாளி இரண்டுக்கும் ஒருவர்தான்.

எங்களிடம் ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் படித்த மருத்துவத் தகவலியல் வைத்தியர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில், 2020 தொடக்கத்தில் விமான நிலையத்துக்கு வருவோரைப் பின்தொடரும் கோவிட் பதிவை இலங்கையில்தான் மளமளவென்று கட்டினார்கள். அதைப் பார்த்து வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. அவசரம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டபோது நடந்தது.

ஒரே ஒரு பெரிய மென்பொருளை நாடு முழுவதும் போட்டால் தீரும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்து 2002இல் அப்படி ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கான பவுண் செலவழித்து, 2011இல் அதைக் கலைக்க முடிவெடுத்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டு இருந்த காலத்தையும் நாங்கள் பார்த்தோம். அன்று வாட்டைக் காப்பாற்றியது காகிதம். கொப்பியைத் தூக்கி எறிய நான் சொல்லமாட்டேன்.

எனக்குத் தோன்றுவது சின்னது. ஒருவருக்கு ஒரு இலக்கம், எல்லா இடத்திலும் அதுவே. அந்த இலக்கத்தில் அவர் இப்போது குடிக்கும் மருந்துகளின் பட்டியலும் ஒவ்வாமையும். யார் எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் அந்தப் பட்டியலைப் படிக்கவும் அதில் சேர்க்கவும் முடிய வேண்டும். அதற்கான பொது மொழி உலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது, எஃப்.எச்.ஐ.ஆர். என்பது அதன் பெயர். மற்றவை பிறகு வரட்டும்.

இதில் ஒரு கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அம்மா மறைத்தது காரணத்தோடுதான். எல்லாம் இணைந்துவிட்டால் அவருக்குக் காசநோய் இருந்தது ஊரில் வேலை செய்யும் ஒவ்வொரு எழுதுவினைஞருக்கும் தெரிந்துவிடாதா? தெரியக் கூடாது. வைத்தியரும் மருந்தாளரும் மருந்துப் பட்டியலைப் பார்க்கட்டும், பதிவு மேசைக்குப் பெயரும் இலக்கமும் போதும், யார் எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இன்று நாங்கள் செய்வது என்ன? கொப்பியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விசேட வைத்தியருக்கு அனுப்புகிறோம். உயிரைக் காக்கத்தான் அனுப்புகிறோம், ஆனால் அந்தப் படம் எத்தனை தொலைபேசிகளில் தங்கிவிடுகிறது என்று எங்களுக்கே தெரியாது. இரகசியம் காக்கப்படும் என்று அம்மா நம்பியிருந்தால் ட்ரங்குப் பெட்டியைத் திறந்திருப்பார்.

பிறகு செய்தவை

மார்பு நோய்க் கிளினிக் வைத்தியருடன் தொலைபேசியில் பேசினேன். நல்ல மனிதர், கேட்டுத் திகைத்துப்போனார். அட்டையை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மற்ற மருந்துகள் என்ற இடத்தில் ‘இதயக் குளிசை’ என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா சொன்னது அதுதான், எழுதியதும் அதுதான்.

அன்றே அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். ரிஃபாம்பிசின் தொடங்கும் எவரிடமும் குளிசைப் பெட்டியையே கொண்டுவரச் சொல்வார். வார்ஃபரின், வலிப்பு மருந்து, கருத்தடைக் குளிசை இருந்தால் அந்தந்தக் கிளினிக்குக்குத் தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் ஒரு தொலைபேசி அழைப்பு. எங்கள் பக்கத்தில், வார்ஃபரின் அளவு காரணம் இல்லாமல் ஏறினால் ஏச முதல் சிறுநீர் நிறம் கேட்பது என்று மிஸ்ஸி இளம் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டும் மனிதர்கள் நினைவில் வைத்திருப்பதில் நிற்பவை. இடமாற்றம் வந்தால் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

பதிவு மேசைப் பிள்ளையும் நானும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருந்து அம்மாவின் பதிவுகளை ஒன்றாக்கினோம். ஒன்பது இலக்கமும் 12 இலக்கமும் ஒன்றே என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ஜனவரி 1 பதிவை முகவரியையும் மகளின் தொலைபேசி எண்ணையும் வைத்துப் பொருத்தினோம். மூன்று இலக்கம் ஒன்றானது. பெரிய வைத்தியசாலையில் அவருக்கு இருக்கும் நான்காவதைத் தொட எங்களுக்கு வழி இல்லை.

அம்மாவுக்கு ஆறு கிழமை வரைக்கும் கிழமைக்கு ஒரு தடவை எங்களிடமே ஐ.என்.ஆர். பார்த்தோம். வார்ஃபரின் படிப்படியாக 4க்கே வந்து நின்றது. கடைசி நாள் கொப்பியை நீட்டியபோது, உள் அட்டையில் மகள் நீலப் பேனையால் எல்லா மருந்தையும் வரிசையாக எழுதியிருந்தார். காசநோய்க் குளிசையும் அதில் இருந்தது, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் பக்கத்தில். அந்த வரிக்கு மேல் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைக் கதவு போல ஒட்டியிருந்தார், தூக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி.